ஆளில்லாத ஸ்டேஷன் பக்கத்தில் வீடு எடுத்தவர்களுக்கு: ட்சுருமி லைனில் ஏறி இறங்க ஒரு வழிகாட்டி

டோக்கியோவின் ஷினகாவா ஸ்டேஷன், காலை எட்டே முக்கால். எனக்கு முன்னால் போன நூறு பேருக்கும் வழி விட்ட கதவு, என் ரயில் கட்டண அட்டையை வைத்ததும் பட்டென்று மூடிக்கொண்டது. பின்னால் வந்தவர் என் முதுகில் மோதிவிட்டு, அவரே 'சுமிமாசென்' என்று மன்னிப்பும் கேட்டுவிட்டுப் பக்கத்து வரிசைக்குப் போனார். அட்டையில் பணம் இருந்தது. நான் செய்த தப்பு ஷினகாவாவில் நடந்ததே இல்லை. அரை மணி நேரத்துக்கு முன், ட்சுருமி-ஓனோ என்ற குட்டி ஸ்டேஷனில் ஓடிப் போய் அட்டையைத் தட்டாமலே வண்டி ஏறியபோது நடந்தது. அங்கே என்னைத் தடுக்க ஆளும் இல்லை, கதவும் இல்லை.

ஜப்பானில் இருக்கும் சுமார் 9,500 ரயில் நிலையங்களில் ஏறக்குறைய பாதி இப்படி ஆளில்லாதவை. 'முஜின் எகி' என்பார்கள். மலைக்கிராமத்தில் மட்டும்தான் இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். யோகோஹாமா நகரின் ட்சுருமி வார்டிலும் அதை ஒட்டிய கவாசாகியிலும் ஓடும் ட்சுருமி லைனில் 13 ஸ்டேஷன்கள். ட்சுருமி ஒன்றைத் தவிர மற்ற 12-இலும் ஊழியர் கிடையாது. காலையில் தொழிற்சாலைக்குப் போகிறவர்கள் கூட்டம் கூட்டமாக இறங்கும் இடங்கள்தான் இவை. வாடகை கொஞ்சம் குறைவு என்று அந்தப் பக்கம் வீடு பிடிக்கும் நம் ஆட்களும், ட்சுருமி-ஓனோவிலிருந்து நடக்கும் தூரத்தில் இருக்கும் ஆய்வகங்களுக்கு வருகிறவர்களும் முதல் மாதத்தில் ஒரே மாதிரி மாட்டிக்கொள்வதைப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

1. வீட்டுக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன் ஸ்டேஷனைப் போய்ப் பாருங்கள்

வீட்டுத் தரகர் காட்டும் தாளில் 'ஸ்டேஷனிலிருந்து நடந்து 6 நிமிடம்' என்று இருக்கும். அந்த ஸ்டேஷனில் என்னென்ன இருக்கிறது என்று இருக்காது. நேரில் போய் இவற்றைப் பாருங்கள்: சீட்டு விற்கும் இயந்திரம் இருக்கிறதா, அட்டையில் பணம் ஏற்ற வழி இருக்கிறதா, கழிப்பறை இருக்கிறதா, படிக்கட்டு எத்தனை. குழந்தை வண்டி தள்ளுகிறவர்களுக்குக் கடைசிக் கேள்விதான் முதல் கேள்வி. ட்சுருமிக்கு அடுத்த கொக்குதோ ஸ்டேஷனில் தண்டவாளம் மேலே போகிறது. கீழே வளைவு வளைவாக ஒரு சுரங்கம் போன்ற நடை. நடுப்பகலிலும் விளக்கு தேவைப்படும் இருட்டு. பார்க்க அழகு. வண்டியையும் தூங்கும் குழந்தையையும் தூக்கிக்கொண்டு அந்தப் படி ஏறிப் பார்த்தால் அழகு போய்விடும்.

பகல் பதினொரு மணிக்கு ஒரு தடவை, இரவு பத்து மணிக்கு ஒரு தடவை போய் நில்லுங்கள். காலை நெரிசலில் வரும் வண்டிகளின் எண்ணிக்கையை வைத்துப் பகலைக் கணக்குப் போடக் கூடாது. இந்த லைன் தொழிற்சாலைகளின் ஷிப்டுக்காக ஓடுகிறது.

2. முதல் நாளே ஒரு ஐ.சி. அட்டை வாங்குங்கள்

ஆளில்லாத ஸ்டேஷனில் காசு கொடுத்துச் சமாளிக்கலாம், ஆனால் தினமும் முடியாது. சூயிகா என்ற ஐ.சி. அட்டையை, அதாவது பணம் ஏற்றி வைத்துத் தட்டிப் போகும் அட்டையை, வாங்கிவிடுங்கள். ட்சுருமி மாதிரி பெரிய ஸ்டேஷனின் இயந்திரத்தில் 1,000 யென் போட்டால் 500 யென் முன்வைப்பாகப் போகும், 500 பயணத்துக்கு இருக்கும். அட்டையைத் திருப்பிக் கொடுக்கும்போது முன்வைப்பு திரும்பக் கிடைக்கும். மிச்சம் இருக்கும் பணத்தில் மட்டும் 220 யென் பிடித்துக்கொள்வார்கள். அதனால் ஊருக்குக் கிளம்பும் முன் மிச்சத்தை ஒரு கடையில் பூஜ்யம் வரை செலவழித்துவிட்டு அட்டையைக் கொடுப்பது கெட்டிக்காரத்தனம். ஒரு அட்டையில் அதிகபட்சம் 20,000 யென் ஏற்றலாம்.

இரண்டு வகை உண்டு. பெயர் இல்லாத அட்டைக்கு ஆவணம் எதுவும் வேண்டாம், தொலைந்தால் தொலைந்ததுதான். பெயர் பதிந்த அட்டை தொலைந்தால் முடக்கி, மறு அட்டை வாங்கலாம், பணம் தப்பும். பெயர் பதிந்ததையே வாங்குங்கள். இயந்திரம் பெயர், பிறந்த தேதி, தொலைபேசி எண் கேட்கும்.

இங்கே நமக்கென்றே ஒரு பொறி இருக்கிறது. பெயரை கதகானா என்ற ஜப்பானிய எழுத்தில் தட்ட வேண்டும். அந்த எழுத்தில் ல, ள, ழ, ர எல்லாம் ஒன்றுதான். இளங்கோ என்று ஒருவர் பெயர் இருந்தால் 'இரங்கோ' ஆகிவிடுவார். ஆகட்டும், அதில் நஷ்டமில்லை. ஆனால் வங்கியில் ஒரு மாதிரி, செல்போன் கடையில் ஒரு மாதிரி, அட்டையில் ஒரு மாதிரி எழுதினால் பிறகு பணம் திரும்பக் கேட்கும்போது 'இது நீங்கள்தானா' என்பார்கள். குடும்பப் பெயர் இல்லாத நமக்கு அப்பா பெயர் முன்னால் வருமா பின்னால் வருமா என்ற குழப்பம் வேறு. வசிப்பு அட்டையில், அதாவது ஜைர்யூ கார்டில், இருக்கும் வரிசையிலேயே ஒரு கதகானா வடிவத்தை முடிவு செய்து கைபேசியில் சேமித்து வையுங்கள். எல்லா இடத்திலும் அதையே ஒட்டுங்கள்.

கைபேசியிலேயே சூயிகா வைத்துக்கொள்ளலாம். இந்தியாவிலோ இலங்கையிலோ வாங்கிய ஐபோன் 8-க்குப் பிந்தைய மாடல்கள் வேலை செய்யும். ஆண்ட்ராய்டு என்றால் ஊரிலிருந்து கொண்டுவந்த போன் பெரும்பாலும் வேலை செய்யாது. ஜப்பானில் விற்ற போனில்தான் அதற்கான சில்லு உயிரோடு இருக்கும். நாள் முழுக்க செயலியை நிறுவி அழித்து நிறுவிக்கொண்டிருக்காதீர்கள், நான் அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமையைத் தொலைத்தேன்.

ஆறு வயதுக்குக் கீழே பள்ளி சேராத குழந்தைகள், பெரியவர் ஒருவருக்கு இருவர் வரை இலவசம். தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாதிக் கட்டணம்; ஆனால் பிள்ளை அட்டைக்கு வயதுச் சான்று காட்ட வேண்டும். பாஸ்போர்ட்டோ பிள்ளையின் ஜைர்யூ கார்டோ எடுத்துக்கொண்டு ஊழியர் உள்ள ஸ்டேஷனுக்குப் போங்கள்.

இன்னொன்று: டோக்கியோவின் சில தனியார் ரயில்களில் வங்கி அட்டையைத் தட்டியே உள்ளே போகலாம் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். ட்சுருமி லைன் ஜே.ஆர். ஈஸ்ட் என்ற ரயில் கம்பெனியுடையது. இங்கே அது செல்லாது.

3. இரண்டு கம்பங்களையும் அடையாளம் தெரிந்துகொள்ளுங்கள்

இதுதான் இந்தக் கட்டுரையின் உயிர்நாடி. பெரிய ஸ்டேஷனில் கதவு உங்களைக் கவனித்துக்கொள்ளும். ஆளில்லாத ஸ்டேஷனில் இடுப்பளவு உயரத்தில் கம்பம் மாதிரி இயந்திரங்கள் மட்டும் நிற்கும். ஒன்று உள்ளே போக, மற்றொன்று வெளியே வர. தடுப்பு எதுவும் கிடையாது. தட்டாமல் நடந்து போனாலும் யாரும் கேட்க மாட்டார்கள். அன்றைக்கு.

எழுத்து படிக்கத் தெரியாவிட்டாலும் இரண்டு எழுத்தை மட்டும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். உள்ளே போகும் கம்பத்தில் முதல் எழுத்து, காலை அகட்டி வைத்துக்கொண்டு ஒருவர் நிற்பது மாதிரி இரண்டே கோடு. வெளியே வரும் கம்பத்தில் முதல் எழுத்து, ஒரு மலைக்கு மேல் இன்னொரு மலையை அடுக்கி வைத்தது மாதிரி இருக்கும். கால் என்றால் உள்ளே, மலை என்றால் வெளியே. கம்பத்தின் நிறத்தை நம்பாதீர்கள், எழுத்தை நம்புங்கள்.

தட்டுவது என்றால் உரசிக்கொண்டு போவது இல்லை. ஒரு விநாடி வைத்து, 'பீ' என்று ஒற்றை ஒலி கேட்ட பிறகு எடுங்கள். விட்டு விட்டுப் பல முறை ஒலித்துச் சிவப்பு வந்தால் பதிவாகவில்லை என்று அர்த்தம். காதில் பாட்டு மாட்டிக்கொண்டு போகிறவர்கள் இதில்தான் கோட்டை விடுவார்கள். கதவு இல்லாததால் பதிவாகாததே தெரியாது. திரையில் மிச்சப் பணம் தெரிகிறதா என்று கண்ணால் பாருங்கள்.

மழை நாளில் குடையை மடக்கும் அவசரத்தில் பலர் தட்ட மறப்பார்கள். எனக்கு ஒரு பழக்கம் உண்டு: அட்டையைத் தட்டும் வரை வலது கையில் வேறு எதையும் பிடிப்பதில்லை. பால் பாக்கெட் கூட இடது கைக்குத்தான்.

வழியில் ட்சுருமியில் மாறும்போது கவனம் தேவை. முன்பு ட்சுருமி லைனிலிருந்து மற்ற லைனுக்குப் போகும் வழியில் நடுவே ஒரு கேட் இருந்தது; தட்டாமல் வந்தவர்கள் அங்கேயே பிடிபட்டுவிடுவார்கள். 2022 பிப்ரவரியோடு அதை எடுத்துவிட்டார்கள். இப்போது மாடியிலிருக்கும் ட்சுருமி லைன் நடைமேடையிலிருந்து நேராகக் கெய்ஹின்-தோஹோகு லைனுக்கு இறங்கிப் போய்விடலாம். வசதிதான். ஆனால் காலையில் செய்த மறதி கவாசாகியிலோ ஷினகாவாவிலோதான் தெரிய வரும்.

4. அட்டை இல்லாத நாளில்

அட்டையை வீட்டில் வைத்துவிட்டு வந்த நாள் எல்லோருக்கும் வரும். ஸ்டேஷனில் சீட்டு இயந்திரம் இருந்தால் மேலே உள்ள வரைபடத்தில் போகும் இடத்தின் எண்ணைப் பார்த்து வாங்குங்கள். சின்ன இயந்திரங்கள் பத்தாயிரம் யென் தாளைப் பெரும்பாலும் ஏற்காது. பையில் எப்போதும் இரண்டு ஆயிரம் யென் தாளும் கொஞ்சம் சில்லறையும் இருக்கட்டும்.

சீட்டு இயந்திரமே இல்லாத இடத்தில் இன்னொரு சின்னப் பெட்டி இருக்கும். பொத்தானை அழுத்தினால் ஒரு துண்டுத்தாள் வரும், காசு கேட்காது. அதற்கு 'ஜோஷா-எகி ஷோமெய்ஷோ' என்று பெயர்: இந்த ஸ்டேஷனில்தான் ஏறினேன் என்பதற்கான சான்று. இறங்கும் ஸ்டேஷனில் ஊழியரிடம் கொடுத்து அங்கே காசு கட்ட வேண்டும். இந்தத் தாளே பயணச்சீட்டு என்று நினைத்துக் கதவில் சொருகப் பார்த்த நண்பர் ஒருவர் உண்டு. அது சீட்டு இல்லை. ஆனால் அது இல்லாமல் போனால், நீங்கள் எங்கே ஏறினீர்கள் என்பதற்கு உங்கள் வாய் வார்த்தைதான் சாட்சி.

காசு கொடுக்காமல் போவது பிடிபட்டால் கட்டணத்தோடு அதன் இரண்டு மடங்கு அபராதம், மொத்தம் மூன்று மடங்கு. ஆளில்லாத ஸ்டேஷனிலும் திடீரென்று ஊழியர்கள் வந்து நின்று சோதிக்கும் நாட்கள் உண்டு. வசிப்பு அனுமதி புதுப்பிக்க வேண்டிய நம் போன்றவர்கள் இந்த விளையாட்டுக்கே போகக் கூடாது.

கட்டணத் தொகைகளை இங்கே எழுதவில்லை. ஜே.ஆர். ஈஸ்ட் 2026 மார்ச்சில் கட்டணத்தை உயர்த்தியது. அதற்கு முந்தைய பட்டியல்கள் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கின்றன. தேதி பார்த்து நம்புங்கள்.

5. தட்ட மறந்துவிட்டால் என்ன செய்வது

உள்ளே வரும்போது மறந்திருந்தால்: இறங்கும் ஸ்டேஷனில் கதவு மூடும். கதவோரம் ஊழியர் நிற்கும் வழிக்குப் போய், அட்டையை நீட்டி, 'சுமிமாசென், ட்சுருமி-ஓனோ கரா நொரிமஷிதா. டச்சி வசுரெமஷிதா' என்று சொல்லுங்கள். அந்த ஸ்டேஷனில் ஏறினேன், தட்ட மறந்தேன் என்பதுதான் அதன் பொருள். அவர் இயந்திரத்தில் அட்டையை வைத்து அந்தக் கட்டணத்தைப் பிடித்துக்கொண்டு அனுப்பிவிடுவார். என் முதல் தடவையில் இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. திட்டெல்லாம் கிடையாது. எனக்குத்தான் காது சிவந்திருந்தது.

வெளியே போகும்போது மறந்திருந்தால் கொஞ்சம் தொல்லை. அட்டையைப் பொறுத்தவரை நீங்கள் இன்னும் ரயிலிலேயே இருக்கிறீர்கள். மறுநாள் காலை உள்ளே போகும் கம்பம் சிவப்பு காட்டும். வண்டி வேறு வந்து நிற்கும். அப்போது பதறி வெளியே வரும் கம்பத்தில் தட்டிப் பார்ப்பது, மறுபடி உள்ளே தட்டுவது என்று குழப்பினால் எங்கேயோ போய் வந்த கட்டணம் விழும் வாய்ப்பு உண்டு. செய்ய வேண்டியது இது: சான்றுத்தாள் பெட்டி இருந்தால் ஒரு தாளை எடுத்துக்கொண்டு வண்டி ஏறுங்கள். இறங்கும் ஸ்டேஷனில் ஊழியரிடம் தாளையும் அட்டையையும் கொடுத்து, நேற்று எங்கே ஏறி எங்கே இறங்கினீர்கள், இன்று எங்கே ஏறினீர்கள் என்று சொல்லுங்கள். இரண்டையும் அவரே சரிசெய்வார். ஸ்டேஷன் பெயர்களைக் கைபேசித் திரையில் ஜப்பானிய எழுத்தில் காட்டினால் பேச்சே தேவைப்படாது.

ஆளில்லாத ஸ்டேஷன் சுவரில் அழைப்புக் கருவி இருந்தால் அதன் பொத்தானை அழுத்தியும் கேட்கலாம். மறுமுனையில் வேறு ஸ்டேஷன் ஊழியர் பேசுவார். ஆனால் அட்டையின் உள்ளே இருக்கும் பதிவைப் பேச்சிலேயே திருத்த முடியாது என்பதால் கடைசியில் ஆள் உள்ள இடத்துக்குத்தான் போகச் சொல்வார்கள்.

வெளியே வரும்போது பணம் போதாமல் இருப்பது இன்னொரு வகைச் சிக்கல். பெரிய ஸ்டேஷனில் மீதித் தொகை கட்டும் இயந்திரம் பக்கத்திலேயே இருக்கும். இங்கே இருக்காது. அதனால் மிச்சம் ஆயிரத்துக்குக் கீழே போனதுமே தெருமுனை கன்வீனியன்ஸ் கடையில் பணம் ஏற்றிவிடுங்கள். செவன்-இலெவன், லாசன், ஃபேமிலிமார்ட் எல்லாவற்றிலும் முடியும். கல்லாவில் அட்டையைக் காட்டி 'சாஜி' என்று தொகையைச் சொன்னால் போதும், ரொக்கமாகக் கொடுக்க வேண்டும்.

அட்டையோடு நெடுந்தூரம் போகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. சூயிகா நாடு முழுக்கச் செல்லும் என்பது பாதி உண்மை. ஒரு பகுதிக்குள் ஏறி அதே பகுதிக்குள் இறங்கினால்தான் செல்லும். ட்சுருமி-ஓனோவில் தட்டிவிட்டு அதாமியைத் தாண்டி நுமாசு வரை உட்கார்ந்தே போனால், அங்கே கதவு திறக்காது. அந்தப் பக்கம் வேறு கம்பெனி. அப்படிப் போகும் நாளில் ட்சுருமியிலேயே காகிதச் சீட்டு வாங்குங்கள்.

6. சீசன் பாஸ்: ஆவணம், செலவு, நேரம்

ஜப்பானியத்தில் 'தெய்கி'. ஒரு மாதம், மூன்று மாதம், ஆறு மாதம் என்று மூன்று அளவு. வேலைக்குப் போகிறவர்களின் பாஸுக்கு ஆவணம் எதுவும் தேவையில்லை. ட்சுருமியில் உள்ள இயந்திரத்தில் சூயிகாவைப் போட்டு, ஏறும் ஸ்டேஷன், இறங்கும் ஸ்டேஷன், வழி, தொடங்கும் தேதி கொடுத்தால் அட்டையின் மேலேயே அச்சடித்துத் தரும். தொடங்கும் தேதிக்கு 14 நாள் முன்பே வாங்கலாம். ஆளில்லாத ஸ்டேஷனில் இதை வாங்க முடியாது என்பதால், முதல் நாள் காலையில் வாங்கிக்கொள்ளலாம் என்று விட்டுவிடாதீர்கள்.

கம்பெனிக்காரர்களுக்கு. பயணப்படி விண்ணப்பத்தில் ஏறும் இடம் என்ற கட்டத்தில் 'ட்சுருமி' என்று எழுதிவிடாதீர்கள். நாம் எல்லோரிடமும் 'நான் ட்சுருமியில் இருக்கிறேன்' என்றுதான் சொல்லிக்கொண்டிருப்போம், கையும் அதையே எழுதும். உடன் வேலை செய்த ஒருவர் அப்படி எழுதி, ட்சுருமிக்கும் ட்சுருமி-ஓனோவுக்கும் நடுவிலுள்ள அந்தக் கடைசி ஒன்றரைக் கிலோமீட்டருக்குத் தன் பையிலிருந்து ஆறு மாதம் கட்டினார். கவாசாகியோ ஷினகாவாவோ போகிறவர்களுக்கு ட்சுருமி-ஓனோவிலிருந்தே ஒரே தொடர் தூரமாகக் கணக்கு வரும், இரண்டும் ஜே.ஆர். ஈஸ்ட் என்பதால். மாதம் 1,50,000 யென் வரை இந்தப் படிக்கு வருமான வரி கிடையாது, ஆகவே கேட்கத் தயங்க வேண்டாம்.

மாணவர்களுக்கு. இதில்தான் நான் மூன்று வாரம் அலைந்தேன். மாணவர் பாஸ் நன்றாகவே மலிவு. அதற்குப் பள்ளி அல்லது கல்லூரி கொடுக்கும் 'த்சூகாகு ஷோமெய்ஷோ' என்ற பயணச் சான்றிதழ், அல்லது பாஸ் வாங்கும் வசதி சேர்த்து அச்சிட்ட மாணவர் அட்டை வேண்டும். சான்றிதழ் கொடுத்த நாளிலிருந்து ஒரு மாதம்தான் செல்லும். வீட்டுக்கு அருகிலுள்ள ஸ்டேஷனிலிருந்து கல்லூரிக்கு அருகிலுள்ள ஸ்டேஷன் வரை மட்டுமே. வேலை செய்யும் ஹோட்டலுக்கும் நூலகத்துக்கும் கேட்க முடியாது.

மாணவர் என்று விசாவில் இருந்தாலும் எல்லோருக்கும் கிடைக்காது. 'கென்க்யூசெய்', அதாவது பட்டப்படிப்பில் சேருமுன் ஆய்வு மாணவராக வந்தவர்களுக்கும், தனிப்பாடம் மட்டும் படிப்பவர்களுக்கும் கிடையாது. மொழிப் பள்ளிகளில் ரயில் கம்பெனி அங்கீகரித்த பட்டியலில் இருக்கும் பள்ளி மாணவர்களுக்கு மட்டும். நான் கென்க்யூசெய். இந்த விஷயத்தை என்னிடம் முதல் நாளிலேயே ஒருவர் சொல்லியிருக்கலாம். அலுவலகத்தில் ஒரு படிவம் கொடுத்தார்கள், நிரப்பினேன். ஒரு வாரம் கழித்து வேறு மேசைக்குப் போகச் சொன்னார்கள். அங்கே ஒரு முத்திரை. அதற்கும் ஒரு வாரம் கழித்து, உங்கள் வகைக்கு இது பொருந்தாது என்று மிகுந்த பணிவோடு குனிந்து சொன்னார்கள். அதுவரை தினமும் முழுக் கட்டணம் கட்டிக்கொண்டிருந்தேன். நீங்கள் முதல் கேள்வியாக இதைக் கேளுங்கள்: என் மாணவர் வகைக்குச் சான்றிதழ் தருவீர்களா? இல்லையென்றால் அன்றே வேலைக்குப் போகிறவர்களின் பாஸை எடுத்துவிடுங்கள். அதை வாங்க நீங்கள் வேலையில் இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை, யார் வேண்டுமானாலும் வாங்கலாம்.

சான்றிதழ் உண்டு என்றால் அதோடு ஊழியர் உள்ள கவுன்டருக்குப் போக வேண்டும். ஏப்ரல் முதல் வாரத்தில் போகாதீர்கள். ஜப்பான் முழுக்கப் பள்ளியும் வேலையும் ஏப்ரல் 1-இல் தொடங்குவதால் 'மிதோரி நோ மதோகுச்சி' என்ற பச்சைக் கவுன்டர் முன்னால் வரிசை வெளி வராந்தா வரை நிற்கும். கவுன்டர்களின் எண்ணிக்கையும் குறைந்துகொண்டே வருகிறது. மாலை கூட்டம் வடிந்த பிறகு போங்கள், அல்லது கைபேசி சூயிகாவில் சான்றிதழைப் படம் எடுத்து ஏற்றி வாங்குங்கள்.

பாஸைப் பாதியில் திருப்பிக் கொடுப்பது பற்றி. மிச்ச நாளுக்குக் கணக்குப் போட்டுத் தர மாட்டார்கள், மாதக் கணக்குதான். ஆறு மாதப் பாஸ் வாங்கி இரண்டு மாதமும் ஒரு நாளும் பயன்படுத்தியிருந்தால் மூன்று மாதம் பயன்படுத்தியதாக எடுத்துக்கொண்டு, ஆறு மாத விலையிலிருந்து மூன்று மாத விலையையும் 220 யென்னையும் கழித்துத் தருவார்கள். அந்த ஒரு நாள் முன்பே போயிருந்தால் ஒரு மாதக் காசு கையில் நின்றிருக்கும். வீடு மாற்றும் தேதியை முடிவு செய்யும்போதே பாஸில் அச்சடித்த தேதியையும் பாருங்கள். ஊருக்கு இரண்டு மாதம் விடுமுறையில் போகிறீர்கள் என்றால் அதற்கு முன் ஆறு மாதப் பாஸ் எடுக்காதீர்கள்.

7. வண்டி எங்கே போகிறது என்று பார்த்து ஏறுங்கள்

ட்சுருமியிலிருந்து கிளம்பும் எல்லா வண்டியும் ஒரே ஊருக்குப் போவதில்லை. அசானோவில் ஒரு கிளை பிரிந்து உமி-ஷிபவுராவுக்குப் போகிறது. ஓகாவாவுக்கு இன்னொரு கிளை. அதற்கு மாற வேண்டிய இடம் அன்ஸென். மற்றவை ஹமா-கவாசாகி, ஓகிமாச்சி பக்கம். ட்சுருமி-ஓனோ வரை எதில் ஏறினாலும் சரி. அதைத் தாண்டிப் போகிறவர்கள் வண்டியின் முன்னால் உள்ள பெயரைப் பார்க்காமல் ஏறக் கூடாது. கைபேசி செயலியில் நேரம் பார்க்கும்போது வார நாளா, சனி ஞாயிறு விடுமுறையா என்ற பட்டியலைச் சரியாகத் தேர்ந்தெடுங்கள். ஓகாவா கிளையில் காலைக்கும் மாலைக்கும் நடுவே வண்டியே கிடையாது. வார இறுதியில் மொத்த வண்டிகளை ஒரு கை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

ஹமா-கவாசாகியில் நம்பு லைனின் கிளைக்கு மாறுகிறவர்கள் ஸ்டேஷனை விட்டு வெளியே வந்து தெருவைக் கடந்து எதிர்ப்பக்கம் போக வேண்டும். கம்பத்தைப் பார்த்ததும் கை தானாக அட்டையை எடுக்கும். மாறிப் போகிறவர்கள் என்ன செய்ய வேண்டும் என்று அங்கே ஒட்டியிருக்கும் அறிவிப்பைப் படித்துவிட்டுக் கையை நீட்டுங்கள். கைபேசியின் படமொழிபெயர்ப்பு போதும்.

உறவினர் வந்தால் உமி-ஷிபவுராவுக்கு அழைத்துப் போவோம். நடைமேடைக்குக் கீழே கடல்நீர், அவ்வளவு அருகில். ஆனால் அதன் வெளிவாசல் தோஷிபா தொழிற்சாலைக்குள் திறக்கிறது. ஊழியர் அல்லாதவர்கள் போக முடியாது. பக்கத்தில் ஒரு சின்னப் பூங்கா மட்டும் எல்லோருக்கும் திறந்திருக்கும். அங்கே போய்விட்டுத் திரும்புகிறவர்கள் வெளியே வரும் கம்பத்திலும், திரும்பி ஏறும்போது உள்ளே போகும் கம்பத்திலும் மறக்காமல் தட்ட வேண்டும். தட்டாமல் அதே வண்டியில் ஏறிய இடத்துக்கே வந்தால் அட்டை குழம்பிவிடும். பகலில் அடுத்த வண்டி இரண்டு மணி நேரம் கழித்து வரலாம். தண்ணீரும் ஏதாவது கொறிக்கவும் எடுத்துப் போங்கள், அங்கே கடை இல்லை.

8. தாமதம், தொலைந்த பொருள்

வண்டி தாமதமானால் பெரிய ஸ்டேஷனில் ஊழியர் துண்டுத்தாள் நீட்டுவார். இங்கே நீட்ட ஆளில்லை. ஜே.ஆர். ஈஸ்டின் தளத்தில் லைன் வாரியாகத் தாமதச் சான்று வெளியாகும். 'சியென் ஷோமெய்ஷோ' என்று தேடி, அந்த நாளையும் நேரத்தையும் எடுத்து அலுவலகத்துக்கு அனுப்பிவிடுங்கள். பழைய நாட்களுடையது கொஞ்ச காலத்தில் நீங்கிவிடும் என்பதால் அன்றைக்கே எடுத்து வையுங்கள்.

வண்டியில் பொருளை விட்டுவிட்டால், எத்தனை மணி வண்டி, எந்தப் பெட்டி, எந்தப் பக்கம் உட்கார்ந்தீர்கள் என்பதை இறங்கியவுடன் குறித்துக்கொள்ளுங்கள். ட்சுருமி லைன் வண்டிக்கு மூன்றே பெட்டிகள், அதனால் தேடுவது சுலபம். ட்சுருமிக்குப் போய்ச் சொல்லலாம், கைபேசியில் தேடல் கோரிக்கையும் போடலாம். சில நாள் ரயில்வேயிடம் இருந்துவிட்டு பிறகு போலீஸுக்குப் போகும். அங்கே மூன்று மாதம் வைத்திருப்பார்கள். வாங்கப் போகும்போது ஜைர்யூ கார்டு போன்ற ஓர் அடையாள ஆவணம் வேண்டும். தொலைந்ததே அந்தக் கார்டு என்றால், பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டு முதலில் பக்கத்துப் போலீஸ் சாவடியில் எழுதிக்கொடுத்து எண் வாங்குங்கள். குடிவரவு அலுவலகத்தில் அந்த எண்ணைக் கேட்பார்கள். புது அட்டைக்கு, தொலைந்தது தெரிந்த நாளிலிருந்து 14 நாட்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும்.